"ஜப்பான் டடெகோய்"னு சொல்லி 72,000 ரூபா வாங்கிட்டாங்க: கோய் குட்டி வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு படிங்க

போன ஞாயித்துக்கிழமை காலைல ஒரு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போட்டோ வந்துச்சுங்க. நீல கிண்ணத்துல கோய்ங்கற ஜப்பான் அலங்காரக் கெண்டைல ஒரு கோஹாக்கு குட்டி, அதாவது வெள்ளை உடம்புல சிவப்புத் திட்டு இருக்கிற ரகம், முதுகுல மூணு சிவப்புத் திட்டு, தலையில இருக்கிற திட்டு வலது கண்ணு பக்கமா லேசா வழிஞ்சிருக்கும், கடைசி திட்டு வாலுக்கு ஒரு விரக்கடை முன்னாடி நிக்கும். "ஜப்பான் டோசாய், பியூச்சர் ஷோ குவாலிட்டி, 15,000 மட்டும், முதல்ல கேக்கறவங்களுக்கு"ன்னு கீழ எழுதியிருந்துச்சு. அந்த மீன் ரெண்டு வருஷமா என் வீட்டுக் குளத்துல நீந்திட்டு இருக்கு. அதே போட்டோ, அதே கிண்ணம், கிண்ணத்தோட ஓரத்துல இருக்கிற கீறல் கூட அதேதான். என்கிட்ட வித்த மீனோட படத்த வச்சு இன்னொருத்தர்கிட்ட காசு வாங்கப் பாக்கறாங்க. இத்தன நாள் போனா போகுதுன்னு இருந்தேன், அத பாத்ததுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல. கடை பேரு, ஆள் பேரு எதுவும் இங்க போடல, ஆனா என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்றேன்.

நான் கோயம்புத்தூர். வீட்டுக்குப் பின்னாடி 12,000 லிட்டர்ல ஒரு சின்ன குளம், பில்டர் எல்லாம் நானே கட்டினது, அதுல அப்போ 300 ரூபாய்க்கு வாங்கின நம்மூர் கோய் ரெண்டு மட்டும் இருந்துச்சு. அதுங்க நல்லா வந்ததும், சரி இனி ஒரு நல்ல குட்டிய எடுத்து வருஷக்கணக்கா வளத்து பெருசாக்கி பாக்கணும்னு ஆச வந்துச்சு. கோய் வளக்கறவங்களுக்கு தெரியும், பெரிய மீன காசு குடுத்து வாங்கறது வேற, அஞ்சு இஞ்ச் குட்டியில "இது நாளைக்கு இப்படி வரும்"னு கண்டுபிடிச்சு எடுக்கறது வேற. அந்த ரெண்டாவதுல தான் சந்தோஷமே, ஏமாத்தறதுக்கு இடமும் அங்கதான், ஏன்னா இன்னும் வராத ஒண்ணுக்கு நாம காசு குடுக்கறோம், அவங்க வாய்ச்சொல்ல தவிர கையில வேற எதுவும் கிடையாது.

ஆகஸ்ட் மாசம், சென்னைக்கு வெளிய இருக்கிற ஒரு விக்கறவர்கிட்ட வீடியோ பாத்துட்டு நேர்லயே போனேன். மகளையும் கூட்டிட்டு போனேன், அவளுக்கு அப்போ பத்து வயசு. கார்ல கிளம்பி அங்க போய் சேரும்போது சாயங்காலம் ஆறரை மணி, ஷெட்ல ஒரே ஒரு டியூப் லைட். மீனெல்லாம் கறுப்பு டப்புல விட்டிருந்தாரு. ஒவ்வொண்ணா எடுத்து நீல கிண்ணத்துல விட்டு காமிச்சாரு. "அண்ணா, நீகாத்தா பிரீடர்ணா, இந்த வருஷ டோசாய், ஆறு மாசக் குட்டி. எல்லாமே டடெகோய். ஆறுமே பொண்ணு, நான் கேரண்டி"ன்னாரு.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி சொல்லிடறேன். நீகாத்தா ஜப்பான்ல கோய்க்கு பேர்போன பகுதி. டோசாய்னா முதல் வருஷக் குட்டி, நிசாய்னா ரெண்டாவது வருஷம். டடெகோய்னா இப்ப இருக்கிற அழகுக்காக இல்லாம, போகப்போக நல்லா வரும்னு வளத்து எடுக்கறதுக்காக நிறுத்தி வைக்கற மீன்.

கோஹாக்கு மூணு, சாங்கே (வெள்ளை உடம்புல சிவப்பும் கறுப்பும்) ரெண்டு, ஷோவா (கறுப்பு உடம்புல சிவப்பும் வெள்ளையும்) ஒண்ணு. மீன் ஒண்ணு 12,000, மொத்தம் 72,000, ஜிபேல அனுப்பினேன். பில் கேட்டேன், "வாட்ஸ்அப்ல அனுப்பறேன்ணா"ன்னாரு, வரவே இல்ல. ஒரு சர்டிபிகேட் ஜெராக்ஸ் குடுத்தாரு, அதுல ஜப்பான் எழுத்து, ஒரு கோஹாக்கு படம். அந்த வெளிச்சத்துல நான் அத ஒழுங்காவே பாக்கல.

வீட்டுக்கு வந்து மூணாவது நாள் தனி டப்புல ரெண்டு மீனு மேல நூல் மாதிரி தொங்குச்சு, ஆங்கர் வார்ம்ங்கற ஒட்டுண்ணி. குவாரன்டைன் முடிச்ச மீன்னு சொன்னாரு. நல்லவேள, நேரா குளத்துல விடல. யாரு என்ன சொன்னாலும் புது மீன் மூணு நாலு வாரம் தனியா தான் இருக்கணும், கே.ஹெச்.வி மாதிரி வைரஸ் உள்ள வந்துட்டா குளத்துல இருக்கிற எல்லாம் போயிரும், அதுக்கு மருந்தே கிடையாது. இத பத்தி நெறைய பேர் எழுதியிருக்காங்க, நான் விஷயத்துக்கு வர்றேன்.

முதல் மூணு மாசம் மீனுங்க பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. அந்த மூணு திட்டு கோஹாக்குவ பாத்தவங்க எல்லாம் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. டிசம்பர்ல ஒரு நாள் மக ஸ்கூல் விட்டு வந்து தீனி போட்டுட்டு இருந்தவ, "அப்பா, வால் கிட்ட பொட்டு அழியுதுப்பா"ன்னா. குனிஞ்சு பாத்தேன். கடைசி திட்டு நடுவுல ஒரே ஒரு செதில் வெள்ளையா இருந்துச்சு, ஜன்னல் திறந்த மாதிரி. ஒரு வாரத்துல அது நாலாச்சு. பொங்கலுக்குள்ள அந்த திட்டு முழுக்க சல்லடையா ஆகி, மார்ச்சுல சுத்தமா இல்ல. இன்னொரு கோஹாக்குக்கு முதுகு சிவப்புல மிளகு தூவின மாதிரி குட்டி குட்டி கறுப்புப் புள்ளி வந்துச்சு, அதுக்கு ஷிமின்னு பேரு, சிவப்புக்குள்ள வந்தா மீனோட அழகே போச்சு. சாங்கே ரெண்டும் வாங்கறப்போ மை மாதிரி கறுப்பா இருந்ததுங்க, என் குளத்துல சாம்பலாகி, ஒண்ணுல பாதி கறுப்பு காணாமயே போச்சு. கறுப்பு டப்புல விட்டு வச்சா கோயோட கறுப்பு அழுத்தமா தெரியும், வெளிர் டப்புக்கு மாத்தினா மங்க ஆரம்பிக்கும். அன்னிக்கு அந்த ஷெட்ல ஏன் எல்லா டப்பும் கறுப்பா இருந்துச்சுன்னு எனக்கு அப்போதான் உறைச்சுது.

அவருக்கு போன் பண்ணேன். "தண்ணி பிரச்சனைணா, உங்க ஊர் போர் தண்ணி உப்பு"ன்னாரு. தண்ணிய டெஸ்ட் பண்ணி அனுப்பினேன், அம்மோனியா ஜீரோ, நைட்ரைட் ஜீரோ, பி.ஹெச் 7.8. அதே தண்ணில என் 300 ரூபா மீனு ரெண்டும் கலர் மாறாம ஜம்முன்னு இருக்குன்னு போட்டோவும் அனுப்பினேன். "கலர் பீட் போடுங்கணா, திரும்பி வந்துடும்"னு சொல்லி அஞ்சு கிலோ தீனி வேற வித்தாரு. அத போட்டு ரெண்டு மாசத்துல சிவப்பு வரல, வெள்ளை தோல் மட்டும் மஞ்சளாச்சு. ஸ்பைருலினா, அஸ்டாசாந்தின் எல்லாம் இருக்கிற சிவப்ப கொஞ்சம் அழுத்தமாக்கும், அவ்ளோதான், செதில விட்டு போன சிவப்ப கொண்டு வராது. அதிகமா போட்டா வெள்ளைய கெடுத்துரும். கோஹாக்குவுக்கு வெள்ளை தான் உயிர், சிவப்பு எவ்ளோ நல்லா இருந்தாலும் வெள்ளை பால் மாதிரி இல்லன்னா மீன் எடுபடாது.

அப்புறம் தான் எங்க ஊர்ல 20 வருஷத்துக்கு மேல கோய் வளக்கற ஒரு பெரியவர கெஞ்சி வீட்டுக்கு கூட்டிட்டு வந்தேன். பகல் பதினோரு மணி, நல்ல வெயில். கோஹாக்குவ கிண்ணத்துல விட்டேன். பேட்டர்ன் பத்தி அவரு ஒரு வார்த்த கூட பேசல. மேல இருந்து ஒரு நிமிஷம் பாத்துட்டு, "தம்பி, இது வாங்கறப்பவே குட்டி இல்லீங்க. கண்ணப் பாருங்க"ன்னாரு.

கண்ணு தலைக்கு பெருசா இருந்துச்சு. வாங்கின நாள் வீடியோவ போட்டு பாத்தோம், அதுல இன்னும் நல்லா தெரிஞ்சுது. நெருக்கமா போட்டு, தீனிய கொறச்சு வளர்ச்சிய அமுக்கி வச்ச மீனுக்கு உடம்பு நின்னுடும், கண்ணு மட்டும் வளந்துட்டே இருக்கும். அதாவது ஒரு வருஷத்துக்கு மேல ஆன மீன அஞ்சு இஞ்ச்லயே நிறுத்தி ஆறு மாசக் குட்டின்னு வித்திருக்காங்க. அப்புறம் அவரு கேட்ட ஒரு கேள்வில எனக்கு வயிறு கலங்கிருச்சு. "ஆகஸ்ட்ல ஆறு மாசக் குட்டின்னா எப்போ பொரிச்சுது?" பிப்ரவரி. "பிப்ரவரில நீகாத்தா எப்படி இருக்கும்?" பனி. ஆள் உயரத்துக்கு பனி விழற ஊரு அது. அங்க பொதுவா மே, ஜூன்ல தான் முட்டை விட வைப்பாங்க. கிரீன்ஹவுஸ்ல தண்ணிய சூடு பண்ணி முன்கூட்டியே எடுக்கறவங்க இருக்காங்க தான், ஆனா அப்படி எடுத்த குட்டிக்கு ஆறு மாசம் நல்லா தீனி போட்டா அஞ்சு இஞ்ச்ல நிக்காது. மே மாசம் பொரிச்ச குட்டின்னா ஆகஸ்ட்ல அதுக்கு மூணு மாசம் தான் ஆயிருக்கும். எப்படி கணக்கு போட்டாலும் அவரு சொன்னது பொருந்தல. இந்த ஒரு கணக்க அன்னிக்கு ஷெட்ல நின்னு நான் போட்டிருந்தா 72,000 மிச்சம்.

சர்டிபிகேட்ட எடுத்து குடுத்தேன். பெரியவர் அத மீன் பக்கத்துல வச்சு காமிச்சாரு. படத்துல இருந்த கோஹாக்குவுக்கு ரெண்டே திட்டு தான். என் மீனுக்கு மூணு. மீன் வளரும்போது திட்டோட ஓரம் மாறும், சிவப்பு கொறையும், ஆனா ரெண்டு திட்டு மூணாகறது அபூர்வம். ஜப்பான்ல பிரீடர் சர்டிபிகேட் குடுத்தா அந்த ஒத்த மீனுக்குத்தான் குடுப்பாங்க, அந்த மீனோட படம் அதுல இருக்கும். ஆறு மீனுக்கு ஒரே ஜெராக்ஸ் குடுத்தா அது வெறும் காயிதம்.

அன்னிக்கு அவரு சொன்னதையும் அதுக்கப்புறம் நான் தேடி கத்துக்கிட்டதையும் சேத்து எழுதறேன், இதுக்காகத்தான் இந்த பதிவே.

குட்டிய எடுக்கும்போது முதல்ல உடம்பு, அப்புறம் தோல், கடைசியா தான் பேட்டர்ன். நாம எல்லாரும் தலைகீழா பாக்கறோம், விக்கறவங்களுக்கும் அது தெரியும். உடம்ப மேல இருந்து பாக்கணும். தலையும் தோள் பக்கமும் நல்லா அகலமா, வாலுக்கு முன்னாடி இருக்கிற தண்டு தடியா இருக்கணும். வயிறு மட்டும் உப்பி வால் பக்கம் குச்சியா இருந்தா அது விக்கறதுக்காக பத்து நாள் தீனி போட்டு நிரப்புன மீன். அப்புறம் முன்னாடி இருந்து பாக்கணும், வாய் கோணலா, ரெண்டு செவுள் மூடியும் சமமா, முதுகெலும்பு நேரா இருக்கான்னு. இதெல்லாம் குட்டியில கோணலா இருந்தா பெருசாகும்போது இன்னும் அசிங்கமா தான் தெரியும்.

அடுத்து தோல், குறிப்பா சிவப்பு, அதுக்கு பெனின்னு சொல்வாங்க. இங்கதான் நான் விழுந்தேன். என் மீனு அஞ்சு இஞ்ச்லயே ரத்தச் சிவப்பு, நாலு பக்கமும் பிளேடு வச்சு வெட்டின மாதிரி ஓரம். அதப் பாத்துதான் மயங்கினேன். நல்ல குட்டி அப்படி இருக்காது. பெரியவர் தன்னோட வீட்டுக்கு கூட்டிட்டு போய் அதே அளவுல ஒரு குட்டிய காமிச்சாரு. முதல் பார்வைல எனக்கு அது பிடிக்கவே இல்ல, பழுத்த பப்பாளி மாதிரி ஆரஞ்சு கலர், பளிச்சுன்னு இல்ல. "கிட்ட பாருங்க"ன்னாரு. முகத்த கிண்ணத்துக்கு கிட்ட கொண்டு போய் பாத்தேன். கலர் தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே சீரா இருந்துச்சு, எங்கயும் மெலிசா இல்ல. ஒவ்வொரு திட்டோட பின்பக்க ஓரமும் சுத்தமா வெட்டினாப்ல இருந்துச்சு, அதுக்கு கிவா. முன்பக்க ஓரம் மட்டும் மங்கலா, ஒரு செதில் அகலத்துக்கு நீலம் கலந்த ரோஸ் கலர்ல தெரிஞ்சுது. அங்க வெள்ளை செதில் சிவப்பு மேல படிஞ்சிருக்கு, அடியில சிவப்பு இருக்கறது திரை போட்ட மாதிரி தெரியும், அதுக்கு சாஷின்னு பேரு. அந்த மங்கல் இருந்தா அடியில சிவப்பு கனமா இருக்கு, மீன் இன்னும் முடியல, வருஷம் ஆக ஆக இறுகும்னு அர்த்தம். குட்டியிலயே எல்லா ஓரமும் முடிஞ்சு போயிருந்தா அந்த மீன் அதோட உச்சத்துல இருக்கு, இனி இறக்கம் தான். நான் குறைன்னு ஒதுக்கினது எல்லாம் உண்மைல நல்லதா இருந்துச்சு, நல்லதுன்னு நெனச்சு காசு குடுத்தது எல்லாம் குறையா இருந்துச்சு.

ஹார்மோன் கலந்த தீனி போட்டு குட்டியிலயே கலர் ஏத்தறதும் அலங்கார மீன் தொழில்ல நடக்கற விஷயம்தான். என் மீனுக்கு அத செஞ்சாங்கன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல, அதனால அந்த குத்தத்த நான் சொல்லல.

கறுப்ப (அதுக்கு சுமின்னு பேரு) பொறுத்தவர, சாங்கேலயும் ஷோவாலயும் குட்டில மை மாதிரி இருக்கிற சுமி எல்லாம் நிக்கும்னு நம்பாதீங்க. வெள்ளை தோலுக்கு அடில நீலச் சாம்பலா நிழல் மாதிரி தெரியுதே, வருங்காலத்துல மேல ஏறி வரப்போறது அது. ஆனா இந்த "அடி சுமி"ங்கற வார்த்தைய வச்சு தான் எனக்கு ஷோவாவ வித்தாரு, "கீழ இருந்து வரும்ணா, ரெண்டு வருஷம் வெயிட் பண்ணுங்க". ஷோவா குஞ்சு பொரிஞ்ச சில நாள்லயே கறுப்பு குஞ்ச மட்டும் பொறுக்கி வச்சுட்டு மிச்சத்த கழிச்சிருவாங்க. வளர்ற குட்டிக்கு பக்கத் துடுப்போட அடியில கறுப்பு திரண்டு நிக்கும், மோட்டோகுரோன்னு பேரு. என் மீனுக்கு துடுப்புல கோடு கோடா தான் இருந்துச்சு, தலையில கறுப்பே இல்ல. துடுப்பு வெளுத்த ஷோவாவும் உண்டுதான், ஆனா தலைலயும் இல்ல, துடுப்படிலயும் இல்லன்னா அது எந்த ஊர் ஷோவா? பெரியவர் அத சாங்கேல கழிச்ச குட்டின்னாரு.

பொண்ணு கேரண்டி விஷயம். பொண்ணு மீன் தான் பெருசா, உருண்டையா வரும், கலரும் மெதுவா முதிரும், அதனால விலை அதிகம். ஆனா அஞ்சு இஞ்ச்ல உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. வாங்கின அடுத்த வருஷம் பிப்ரவரில குளம் கழுவும்போது மீன கையில புடிச்சேன், செவுள் மூடி சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி இருந்துச்சு. வெயில்ல சாய்ச்சு பாத்தா கன்னத்துலயும் பக்கத் துடுப்புலயும் ரவை ஒட்டின மாதிரி வெள்ளைப் புள்ளி. இனப்பெருக்க நேரத்துல ஆம்பள மீனுக்கு வர்றது அது. ஒவ்வொண்ணா பாத்தேன். ஆறுல அஞ்சு ஆம்பள.

இன்னொண்ணு எனக்கு பின்னாடி தான் புரிஞ்சுது. ஒரு பெரிய பொண்ணு மீன் லட்சக்கணக்குல முட்டை விடும். அந்த குஞ்சுகள ஒரு மாசம், ரெண்டு மாசம்னு கட்டம் கட்டமா பொறுக்கி கழிச்சு கழிச்சு, கடைசில கையளவு தான் பிரீடர் தனக்குன்னு நிறுத்துவாரு. கோடைல மண் குளத்துல விட்டு அக்டோபர் வாக்குல பிடிச்சு திரும்ப ஒரு தடவ பொறுக்குவாரு. நீகாத்தால இருக்கிற யமகோஷி மலை கிராமத்துல நெல்லுக்கு தண்ணி தேக்கற குட்டைல குளிர்காலச் சாப்பாட்டுக்கு வளத்த கெண்டைல இருந்து வந்தது இந்த மீன், 1914-ல டோக்கியோ கண்காட்சிக்கு கொண்டு போனதுக்கு அப்புறம் தான் வெளி உலகத்துக்கே தெரிஞ்சுது. 2004 அக்டோபர் பூகம்பத்துல அந்த கிராமமே காலி பண்ணி வெளிய போய், திரும்பி வந்து மறுபடி குளம் வெட்டினாங்க. அப்படி தலைமுறை தலைமுறையா கண்ணால பொறுக்கி எடுக்கறவரு, உண்மையான டடெகோய முதல் வருஷத்துலயே நமக்கு ஏன் விக்கணும்? வித்தா விலை எங்கயோ நிக்கும். ஒண்ணு 12,000 ரூபான்னு ஒரு டப்பு நிறைய டடெகோய்ங்கறது நடக்கவே நடக்காது. நமக்கு வர்றது அவரு நிறுத்தினது போக மிச்சம், அதுலயும் நல்லது இருக்கும், அத பாத்து எடுக்கறதுதான் நம்ம வேல. அத நேர்மையா சொல்லி விக்கறவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. "இது லோக்கல் பிரீட் அண்ணா, உடம்பு நல்லா இருக்கு, கலர் எப்படி வரும்னு சொல்ல முடியாது"ன்னு 800 ரூபாய்க்கு ஒருத்தர் குடுத்த மீன் இன்னிக்கு என் குளத்துலயே எனக்கு பிடிச்ச மீன்.

இதெல்லாம் ஆதாரத்தோட அவருக்கு எழுதி அனுப்பினேன். காசு முழுசா கேக்கல, மீன திருப்பி எடுத்துட்டு பாதி குடுங்கன்னுதான் கேட்டேன். ரெண்டு நீல டிக், பதில் இல்ல. அவரு இருக்கிற இன்னொரு குரூப்ல கேட்டேன், பத்து நிமிஷத்துல என்னைய தூக்கிட்டாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு பேசினேன், பில் இருக்கான்னு தான் முதல் கேள்வி. ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் சாட்டும் இருக்கு, ஆனா "ஜப்பான், ஆறு மாசம், பொண்ணு"ன்னு அவரு சொன்னது எல்லாமே வாயால சொன்னது. அதனால விக்கறவரு சொல்றத அப்படியே வாட்ஸ்அப்ல எழுதி அனுப்ப சொல்லுங்க, எழுத மாட்டேன்னா அங்கேயே கிளம்பிருங்க. பகல்ல போங்க. கிண்ணத்துல விட்ட மீன வெள்ளை டப்புல அர மணி நேரம் விட சொல்லி பாருங்க. என்ன மாதிரி அத்தன தூரம் போயிட்டோமேங்கறதுக்காக வாங்கிட்டு வராதீங்க.

அந்த ஆறு மீனும் இன்னும் என்கிட்ட தான் இருக்கு. ரெண்டு வருஷத்துல பெருசு 32 சென்டிமீட்டர் வந்திருக்கு, 300 ரூபா மீன் 45. அதுங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல, மக கையில தான் சாப்பிடும்.

அந்த நீல கிண்ண போட்டோவ பாத்துட்டு யாராச்சும் அட்வான்ஸ் போட்டிருந்தீங்கன்னா மிச்ச காச அனுப்பாதீங்க. தலைத் திட்டு வலது கண்ணு பக்கம் வழிஞ்சிருக்கும், கிண்ணத்தோட ஓரத்துல கீறல் இருக்கும், அதுதான் அடையாளம். அந்த மீன இன்னிக்கு தேதி, நேரத்தோட வீடியோ எடுத்து அனுப்ப சொல்லுங்க. அவரால அனுப்ப முடியாது, அது இங்க இருக்கு, மூணாவது திட்டு இல்லாம.